எச்சில் பார்க்கிறவள்

பினாங்குத் தீவில், எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்க மூன்று குவளைகள் உண்டு. மூன்றிலும் பெயர் ஒட்டியிருக்கும்: லோகேஸ்வரன், சுபாஷினி, தனுஜா. பேனாவால் கிறுக்கி ஒட்டியதல்ல. தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு அச்சடித்து ஒட்டுவார்களே, அந்த மாதிரி வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்து. லோகேஸ்வரன் நான். தனுஜா எங்கள் ஒரே மகள், கம்பாரில் படிக்கிறாள், விடுமுறைக்குத்தான் வருவாள். அவள் இல்லாத நாளிலும் அவள் குவளையை வேறு யாரும் தொடக் கூடாது. சுபாஷினி என் மனைவி. அவளுக்கு நான் ஒரு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சுபா எச்சில் பார்க்கிறவள். மடி, ஆசாரம், சாதி என்று எதுவும் அதில் இல்லை. யாரையும் மட்டமாக நினைக்கிற குணம் அவளுக்குக் கிடையாது. அவளுக்கு அவள் எச்சிலே பிடிக்காது, அவ்வளவுதான். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பாள். ஊசியில் நூல் கோக்க எல்லாரும் நுனியை வாயில் வைத்து நனைப்பார்கள். இவள் கத்தரிக்கோலால் சாய்த்து வெட்டுவாள். சந்தையில் கடைக்காரர் விரலை நாக்கில் தொட்டு பிளாஸ்டிக் பையைப் பிரித்தால், "வேணாம் அண்ணே, கையிலயே கொண்டு போயிடறேன்" என்று மூன்று தேங்காயையும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜெலுத்தோங் சாலையில் நடந்து வருவாள். பின்னால் காய்கறியோடு நான் வருவேன்.

எங்கள் கல்யாணத்தில் பாலும் பழமும் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பாதிப் பாலைக் குடித்துவிட்டு நீட்ட, மீதியைப் பெண் குடிக்க வேண்டும். நானும் வெட்கத்தோடு பாதி குடித்துவிட்டு நீட்டினேன். அத்தை, சித்தி எல்லாரும் கேலி பண்ணத் தயாராக நின்றார்கள். சுபா குனிந்த தலை நிமிராமல் தன் அம்மாவிடம், "வேற டம்ளர் கொண்டாங்கம்மா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் ஐயருடைய மைக் பக்கத்தில் இருந்தது. இருபத்து மூன்று வருஷமாகிறது, என் தம்பிகள் இன்னும் அதை விடவில்லை.

பாயான் லெப்பாஸில் கணினிச் சில்லு செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை அவள் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, இரட்டைக் கையுறை, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் எட்டு மணி நேரம். ஒரு விரல் ரேகை பட்டாலும், ஒரு சொட்டுத் தண்ணீர் காய்ந்து தடம் விட்டாலும் சரக்கு போச்சு. கழுவியான பிறகு, கழுவின மருந்தின் தடமும் இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். வேலையில் இருக்கிற இந்தச் சட்டம்தான் வீட்டுக்கு வந்ததா, வீட்டில் இருந்த குணத்தைப் பார்த்துத்தான் அந்த வேலை கொடுத்தார்களா என்று எனக்குத் தெரியாது.

அவளிடம் இன்னொரு குணமும் உண்டு. ஒரு தடவை வருஷக் கடைசி அவசரத்தில் சூப்பர்வைசர் வந்து கெஞ்சியிருக்கிறார்.

"சுபா, இந்த ரெண்டு பெட்டியும் ஓகேதான். சைன் போட்டுடுலா."

"நான் பாக்கலையே சார்."

"நான் பாத்துட்டேன்மா."

"அப்ப நீங்களே சைன் போடுங்க சார்."

பார்க்காததைப் பார்த்தேன் என்று அவள் சொல்ல மாட்டாள். கரடியாய்க் கத்தினாலும் அவள் வாயிலிருந்து அது வராது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

இனி என் கதை. நான் புக்கிட் தெங்காவில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். காலையில் கடல் பாலத்தைத் தாண்டிப் போய், மாலையில் பாலத்தைத் தாண்டி வருகிற பிழைப்பு. முப்பத்தைந்து வயதில் கூட வேலை செய்த இர்வான் என்னை இழுத்துக்கொண்டு போய் டைவிங் பழக்கிவிட்டான். அதிலிருந்து அது ஒரு பைத்தியமாகிவிட்டது. பினாங்கைச் சுற்றி இருக்கிற கடல் கலங்கல், நீட்டின கை தெரியாது. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் படகில் இரண்டு மணி நேரம் வடக்கே, பாயார் தீவுப் பக்கம் போக வேண்டும். மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்விடுவோம். சுபா ஒன்றும் சொல்ல மாட்டாள். உப்புத் தண்ணீர்த் துணியை மட்டும் தனியாகத் துவைக்கச் சொல்வாள்.

அந்தப் பக்கம் ஓரிடத்தில் நங்கூரம் இழுத்து பவளம் உடைந்து கிடந்தது. எங்கள் டைவிங் குழு அனுமதி வாங்கி, உடைந்த துண்டுகளை இரும்புச் சட்டங்களில் கட்டி அங்கேயே கடலடியில் நட்டது. பதினேழாவது சட்டம் என்னுடையது. எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் நானே வெல்டிங் வைத்தேன். சாப்பாட்டு மேசை அகலம், முழங்கால் உயரம், ஓரத்தில் பதினேழு என்று வெட்டின ஒரு எஃகுத் தகடு. ஒன்பது மீட்டர் ஆழத்தில் இர்வான் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, சுண்டுவிரல் நீளத்தில் இருபத்து நாலு பவளத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டினேன்.

பத்து நாள் கழித்து, கேன்டீனில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். நுரையீரலில் ஏதோ ஒரு சின்னக் கொப்புளம் உடைந்து, காற்று நெஞ்சுக்குள் கசிந்து, ஒரு பக்கத்து நுரையீரல் சுருங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துக் காற்றை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டேன். தொத்துகிற நோய் எதுவும் இல்லை. வேலைக்குப் போகலாம், படி ஏறலாம், படகில்கூடப் போகலாம். "டைவிங் மட்டும் இனி ஆயுசுக்கும் கிடையாது" என்றார் டாக்டர். கடலடியில் இருக்கும்போது மறுபடி அப்படி ஆனால், மேலே வருவதற்குள் ஆள் காலி.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நான் மனுஷனாக இல்லை. கடல் தெரிகிற சாலையை விட்டுச் சுற்றிக்கொண்டு போவேன், பாலத்தில் முன்னால் போகிற வண்டியை மட்டும் பார்ப்பேன். சோற்றில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளுவேன். மகள் தொலைபேசியில் கூப்பிட்டால், "அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவேன். மனசுக்குள் ஓடினது ஒரே கேள்விதான். அந்தச் சட்டத்தில் ஏதாவது ஒன்று உயிரோடு இருக்கிறதா? நான் வாழ்நாளில் செய்த வேலைகளில் யாரும் சொல்லாமல், யாரும் சம்பளம் கொடுக்காமல் நானாகச் செய்தது அது ஒன்றுதான். அதுவும் செத்துப் போயிருந்தால் நான் எதற்கு என்று தோன்றும்.

இர்வான் அதற்குள் ஜொகூருக்கு மாற்றலாகிப் போயிருந்தான். போவதற்கு முன் ஒரு தடவை அந்தப் பக்கம் இறங்கியிருந்தான். போனில் கேட்டேன். "ஹிடுப் லாகி, லோகன்! உயிரோடதான் இருக்கு, கவலைப்படாதே" என்றான். இர்வான் தங்கமான ஆள். யார் மனசும் நோகக் கூடாது என்று செத்த மீனையும் தூங்குகிறது என்பான். அவன் பேச்சை எப்படி நம்புவது? மெல்ல மெல்ல எங்கள் குழுவும் கலைந்து, அந்தச் சட்டங்களைப் போய்ப் பார்க்க ஆளில்லாமல் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறும்போது தோசையைப் பற்றி ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சுபா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்னாங்க, அந்த இரும்பு எத்தனை மீட்டர்ல இருக்கு?"

"ஒன்பது. எதுக்கு?"

"நான் போய் பாத்துட்டு வந்து சொல்றேன். உயிரோட இருந்தா இருக்குன்னு சொல்வேன். செத்துருந்தா செத்துருச்சுன்னு சொல்வேன். எதுவா இருந்தாலும், அதுக்கப்புறம் இந்த வீட்ல யாரும் தட்டைத் தள்ளக் கூடாது."

நான் சிரித்தேன். அவளுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. நீச்சல் தெரியாது. ஷவர் தண்ணீர் மூக்கில் ஏறினாலே அரை மணி நேரம் தும்முகிறவள். ஆனால் அவள் அப்படிச் சொன்னதும் நெஞ்சில் ஒரு பாரம் கொஞ்சம் நகர்ந்தது உண்மை. "இருக்கு" என்று யார் சொன்னால் நான் நம்புவேன் என்று கேட்டால், இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். அது எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஏழு மாதம் நீச்சல் பழகினாள். பிறகு ஜார்ஜ் டவுனில் ஒரு டைவிங் கடையில் சேர்ந்தாள். அங்கே சொல்லிக்கொடுக்கிறவள் நூர் ஃபாத்திஹா என்று ஒரு பெண். தன் அம்மா வயதில் ஒரு மாணவி வந்ததற்கு அவள் முகம் சுளிக்கவில்லை. முதல் நாளே "காக்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள், அக்கா என்றுதான் அர்த்தம்.

புது மாஸ்க் வாங்கினோம். டைவிங் மாஸ்க் என்பது கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி. புதுசில் அதன் உள்பக்கம், செய்யும்போதே ஒட்டின ஒரு மெல்லிய படலம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அது போகாவிட்டால் தலைகீழாக நின்றாலும் கண்ணாடியில் ஆவி கட்டும். வெள்ளைப் பற்பசையை வைத்து விரலால் வட்டமாகத் தேய்த்து நாலைந்து தடவை கழுவ வேண்டும் என்று சொன்னேன். தேய்த்துக் கழுவுவது என்றால் அவளுக்குச் சொல்ல வேண்டுமா? பன்னிரண்டு தடவை கழுவினாள்.

அதோடு முடியாது. ஒவ்வொரு தடவை தண்ணீரில் இறங்குவதற்கு முன்பும் கண்ணாடியின் உள்ளே எதையாவது பூச வேண்டும். நம் மூச்சில் சூடு, கடலில் குளிர்ச்சி. மூச்சு கண்ணாடியில் பட்டதும் பொடிப் பொடித் துளியாக நின்று வெள்ளையாக மூடிவிடும். வழவழப்பாக ஏதாவது பூசியிருந்தால் துளி நிற்காமல் பரவி வழிந்துவிடும். அதற்கு உலகம் முழுக்க டைவர்கள் பூசுவது எச்சில். துப்பு, விரலால் தேய், தண்ணீரில் ஒரு முக்கு முக்கு, உடனே மாட்டு. பத்து வருஷத்துக்கு மேல் நான் செய்தது அதுதான். இதை நான் சுபாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

நீச்சல் குளத்தில் ஃபாத்திஹாதான் சொன்னாள். தன் மாஸ்க்கில் துப்பி, தேய்த்துக் காட்டி, "லூடா, காக்" என்றாள். துப்புங்க என்று மலாயில். சுபா அந்த மாஸ்க்கைப் பார்த்தாள், ஃபாத்திஹாவைப் பார்த்தாள், பிறகு திரும்பி என்னைப் பார்த்த பார்வையில், இத்தனை வருஷமும் இதையா செய்துகொண்டிருந்தீர்கள் என்ற கேள்வி இருந்தது. நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

ஃபாத்திஹா சிரித்துக்கொண்டே ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு, தண்ணீர் கலந்தது. எச்சில் ஒவ்வாதவர்களுக்கு அதுதான் மாற்று வழி. குளத்தில் அவளே பூசி, அவளே ஒரு முக்கு முக்கிக் கொடுத்தாள். ஒரு குறையும் இல்லை. சுபா நீந்தினாள், மூழ்கினாள், மாஸ்க்குக்குள் தண்ணீர் விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றினாள். கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கே ஆச்சரியம்.

மார்ச் மாதம் முதல் கடல் பயணம். பாடம் நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே பழைய சட்டங்கள் இருப்பதால், பதினேழைத் தேடிக் காட்டுவதாக ஃபாத்திஹா ஒத்துக்கொண்டாள். நான் போகவில்லை. கடலைப் பார்க்க மாட்டேன் என்று ஒரு வீராப்பு. மாலையில் படகுத்துறையில் காத்திருந்தேன். படகிலிருந்து இறங்கின சுபாவின் கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன.

"இருக்கா?" என்றேன்.

"தெரியல."

"தெரியலன்னா?"

"கண்ணாடி மூடிக்கிச்சுங்க. ஏதோ இரும்பு மாதிரி நிழல் தெரிஞ்சுச்சு. அதுல ஏதோ இருந்த மாதிரியும் இருந்துச்சு. ஆனா பாத்தேன்னு சொல்ல மாட்டேன்."

நடந்ததைக் காரில் சொன்னாள். படகில் தன் மாஸ்க்கைத் தானே தயார் செய்திருக்கிறாள். ஷாம்பு பூசியிருக்கிறாள். பிறகு கழுவியிருக்கிறாள். இருபத்து நாலு வருஷத் தொழில் அவள் காலை வாரிவிட்டது அங்கேதான். கழுவினால் தடம் இருக்கக் கூடாது இல்லையா? நல்ல தண்ணீரில் மூன்று தடவை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு நாலாவது தடவை. எதற்காகப் பூசினாளோ அதையே ஒரு பொட்டு இல்லாமல் கழுவித் தள்ளிவிட்டு, மாஸ்க்கை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இருபது நிமிஷம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள். போதாததற்கு, பயத்தில் மூச்சை மூக்கால் வேறு விட்டிருக்கிறாள். தண்ணீர் விட்டு அலசச் சொல்லி ஃபாத்திஹா சைகை காட்ட, அலசியும் இருக்கிறாள். நாலு மூச்சுக்குள் மறுபடி மூடிக்கொண்டது.

இரண்டாவது தடவை இறங்கும்போது, அதிகம் கழுவாதீங்க என்று ஃபாத்திஹா சொன்னதும், இவள் கழுவவே இல்லை. ஷாம்பு கண்ணில் இறங்கி எரிந்து பாதியில் மேலே வந்துவிட்டாள். "கண்ணு எரியாதுன்னு பாட்டில்ல போட்டிருக்காங்க! யாருங்க அதை செக் பண்ணது?" என்று கேட்டாள். நிஜமாகவே கோபத்தில் இருந்தாள்.

எனக்கும் கோபம் வந்தது. அவள் மேல், ஷாம்பு மேல், டாக்டர் மேல், எல்லார் மேலும். "இருக்குங்க" என்று ஒரு வார்த்தை பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். லிஃப்டில் அவள்தான் பேசினாள்.

"ஏப்ரல் கடைசில இன்னொரு ட்ரிப் இருக்காம். இந்த சீசனுக்கு அதான் கடைசி. அப்புறம் அலை ஏறிடும், வருஷக் கடைசி வரைக்கும் போக முடியாது. அது வரைக்கும் உங்க மூஞ்சிய இப்படியே பாத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. நான் துப்பக் கத்துக்கறேன்."

மறுநாளிலிருந்து குளியலறைக் கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் பல் விளக்குவாள். பிறகு உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பாள். அதற்குப் பிறகுதான் மாஸ்க்கை எடுப்பாள். எச்சிலைக் கழுவிவிட்டுத் துப்புகிற ஒரே ஆள் இந்தத் தீவில் அவளாகத்தான் இருக்கும். முதல் நாள் வாந்தி எடுத்தாள். இரண்டாம் நாளும் எடுத்தாள். மூன்றாம் நாள் வாந்தி இல்லை, மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும். இரண்டு வாரம் போனதும், துப்பித் தேய்த்த பிறகு "ஒன்னு" என்று அவள் சத்தமாகச் சொல்வது கேட்டது. ஒரே ஒரு முக்கு. இரண்டாவது தடவை கழுவப் போகிற தன் கையைத் தானே அடக்குவதற்கு அந்த "ஒன்னு."

கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்டபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சிரிக்க முடியவில்லை. கல்யாண மேடையில் என் எச்சில் பாலைக் குடிக்காதவள், எனக்காக உள்ளே நின்று துப்பப் பழகிக்கொண்டிருக்கிறாள். நான் செய்ததெல்லாம் இரண்டு வருஷம் தட்டைத் தள்ளினதுதான். அன்றைக்கு அந்தக் கதவை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போய் பாத்திரத்தைக் கழுவினேன்.

"இந்தத் தடவை நீங்களும் வாங்க" என்றாள். போனேன்.

அன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம். படகில் எட்டுப் பேர். அலை தூக்கிப் போட்டதில் பாதி வழியிலேயே சுபாவின் முகம் வெளுத்துவிட்டது. குமட்டலுக்கு நல்லது என்று பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறல் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தேன். நீட்டினேன், வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். நானே இரண்டு துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டேன்.

இடம் வந்தது. படகை மிதவையில் கட்டினார்கள். எல்லாரும் சட்டை மாட்டி, காற்றுச் சிலிண்டரைத் தூக்கி, அவரவர் மாஸ்க்கில் துப்ப ஆரம்பித்தார்கள். சுபாவும் மாஸ்க்கை எடுத்தாள். வாய்க்கு நேராகப் பிடித்தாள். ஒன்றும் வரவில்லை. நாக்கைச் சுழற்றினாள், கன்னத்தை உறிஞ்சினாள், மறுபடி முயன்றாள். சத்தம் மட்டும் வந்தது. பயத்தில் வாய் காய்ந்த அப்பளமாகியிருந்தது. ஒரு மாதம் எதைக் கழுவிக் கழுவிப் பழகினாளோ, அது வேண்டிய நேரத்தில் ஒரு சொட்டு இல்லை.

ஷாம்பு பாட்டிலை ஃபாத்திஹா எடுத்தாள். சுபா கையை ஆட்டி வேண்டாம் என்றாள். அந்த எரிச்சலை அவள் மறக்கவில்லை. "நான் துப்பிக் கொடுக்கவா, காக்?" என்று ஃபாத்திஹா கேட்டாள். நல்ல மனசோடுதான் கேட்டாள். சுபா மாஸ்க்கை மார்போடு சேர்த்துக்கொண்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கடைசிப் பயணம், கடைசி முறை. போக வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, போ என்று சொல்லவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

சுபா கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறந்தாள். மாஸ்க்கை என் பக்கம் நீட்டினாள்.

"நீங்க துப்புங்க."

எனக்குச் சரியாகத்தான் கேட்டது. ஆனாலும், "என்னா?" என்றேன்.

"துப்புங்கன்னு சொல்றேன்ல. வாயில இருக்கறத எடுத்துட்டு, நல்லாக் கொப்பளிச்சுட்டுத் துப்புங்க."

ஜாதிக்காயை எடுத்து எறிந்தேன். மூன்று தடவை கொப்பளித்தேன், அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு இருபத்து மூன்று வருஷமாக என் குவளையைக்கூடத் தொடாத என் மனைவியின் மாஸ்க்கில், இடது கண்ணுக்கு ஒரு தடவை, வலது கண்ணுக்கு ஒரு தடவை துப்பினேன். கட்டை விரலால் ஓரம் வரை தேய்த்தேன். கை மறக்கவில்லை. கடலில் ஒரு முக்கு முக்கி எடுத்தேன். பழக்க தோஷத்தில் அவள் கை மறுபடி கழுவ வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒன்னு" என்றேன்.

"ஒன்னு" என்றாள். மாட்டிக்கொண்டாள். தண்ணீரில் இறங்கினாள்.

நாற்பது நிமிஷம். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கடலை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அதே பச்சை, அதே உப்பு வாசனை. அவள் விடுகிற மூச்சு குமிழ் குமிழாக மேலே வந்து உடைந்துகொண்டிருந்தது. நான் இனி இறங்கவே முடியாத அந்த ஒன்பது மீட்டருக்கு என் எச்சிலாவது போயிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. செத்திருந்தாலும் பரவாயில்லை, அவள் பத்திரமாக மேலே வந்தால் போதும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டேன். மனசாரத்தான் வேண்டினேன்.

முதலில் ஃபாத்திஹா வந்தாள். பிறகு சுபா. மாஸ்க்கை நெற்றியில் ஏற்றவில்லை, மாட்டினபடியே இருந்தாள். கண்ணாடி துலக்கமாக இருந்தது. அதற்குள் அவள் கண் எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாயிலிருந்த குழாயை எடுத்தாள்.

"பதினொன்னு."

"என்னது?"

"இருபத்து நாலுல பதினொன்னு உயிரோட இருக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டேன். பதிமூனு போயிருச்சு. அதுல ஆறு இடத்துல நீங்க கட்டின பட்டை மட்டும்தான் இருக்கு."

"பதினேழுதானா அது? நல்லா பாத்தியா?"

"தகட்டைக் கையால தேச்சுப் பாத்தேங்க. பதினேழு." படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை விரித்துக் காட்டினாள். "நடுவுல ஒன்னு ஒரு சாண் வளந்திருக்கு. நுனியெல்லாம் ஊதா. அதுக்குள்ள சின்னச் சின்னதா நீல மீனு. என்னைப் பாத்ததும் உள்ள ஓடுது, அப்புறம் எட்டிப் பாக்குது."

நான் அழுதேன். அத்தனை பேர் முன்னால், ஐம்பது வயதில், வெட்கமே இல்லாமல் அழுதேன். இருபத்து நாலுக்குப் பதினொன்று என்றால் அவள் தொழிற்சாலையில் அந்தச் சரக்கு முழுக்கக் குப்பைக்குப் போகும். எனக்கு அது போதும். இருபத்து நாலும் உயிரோடு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். செத்த பதிமூன்றையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்தப் பதினொன்றும் எனக்கு நிஜமாயிற்று.

மறுநாள் காலை. சுபா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் அவள் குவளையில் தேநீர் இருந்தது. இனி என்ன என்ற துணிச்சலில் எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"என்னாங்க இது! எச்சில் பண்ணிட்டீங்க!"

"நேத்து கடல்ல?"

"கடல் வேற, வீடு வேற" என்று குவளையைப் பிடுங்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள்.

எங்கள் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்கிற பழக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்த யார் வீட்டிலும் கிடையாது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றுவிட்டு, கடைசியில், "சுபா, ரொம்ப நன்றி" என்றேன். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை.

அவள் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என் பக்கத்தில் வந்தாள். முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மறுபடியும் நெஞ்சு வலிக்குதாங்க?"

"இல்லையே."

"மூச்சு விட முடியுதா?"

"நல்லா முடியுது."

"அப்ப ஏன் இப்படியெல்லாம் பேசறீங்க? உக்காருங்க, தோசை ஆறுது."

உட்கார்ந்தேன். தோசையில் உப்பு குறைவுதான். அவள் வைத்த நாலையும் சாப்பிட்டுவிட்டு, இன்னும் ஒன்று கேட்டேன்.